நாற்பத்திரண்டு குதிரைகளும் ஒரு முளையும்

ஓசூர் அற்புதராஜ் வீட்டுக் குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் முதல் குதிரையின் மூக்கு அத்திப்பள்ளி செக்போஸ்டில் இருக்கும், கடைசிக் குதிரையின் வால் பாகலூர் சந்தையில் இருக்கும்.

சரி, சரி. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். குதிரைகள் மொத்தம் நாற்பத்திரண்டு. எல்லாம் பிளாஸ்டிக். ஒவ்வொன்றும் நாலு அங்குல நீளம், முதுகில் தலைப்பாகை கட்டிய ஒரு வீரன். வரிசையாக நிறுத்தினால் ஹாலில் தொடங்கி அடுப்படி நிலைப்படியில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் அவற்றைப் பற்றி அந்த மனிதர் பேசத் தொடங்கினால் பேச்சு அத்திப்பள்ளியைத் தாண்டி ஆனேக்கல் வரை போகும். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.

அற்புதராஜுக்கு வயது அறுபத்து மூன்று. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழோடு ஓசூருக்கு வந்தவர். பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில், அதாவது அச்சுகளைச் செய்து சீராக்குகிற பட்டறையில், முப்பத்தைந்து வருடம் வேலை. பக்கெட், சுவிட்ச் பெட்டி, ஹெல்மெட் கண்ணாடி, டிபன் டப்பா மூடி என்று அவர் கை படாத அச்சு கிடையாது. அவருடைய ஊசி அரம் பட்டால் கொசுவின் மூக்குகூட மழமழவென்று ஆகிவிடும் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். கொசுதான் சாட்சிக்கு வரவில்லை.

இத்தனை செய்தும் அவர் பெயர் எதிலும் இல்லை. அச்சில் கம்பெனி முத்திரை இருக்கும், எத்தனையாவது குழி என்ற எண் இருக்கும், செய்தவன் பெயருக்கு இடம் கிடையாது. ஒருமுறை ஆசை தாங்காமல் ஒரு பக்கெட் அச்சின் அடியில், கடுகளவில் 'அ' என்று ஓர் எழுத்தைக் கீறி வைத்தார். சூப்பர்வைசர் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்து, அவர் கையாலேயே அதை வெல்டிங் வைத்து மூடி, பாலிஷும் போட வைத்தார். அன்று வீட்டுக்கு வந்து அற்புதராஜ் சாப்பிடவில்லை. அவர் மனைவி ஜெபசீலிக்கு இன்னும் அது நினைவிருக்கிறது. ஏனென்றால் அன்றைக்கு மீன் குழம்பு.

குதிரைகள் வந்தது தொண்ணூற்று மூன்றாம் வருடம், டிசம்பர் மாதத்தில். பாகலூர் சாலையில் கரியப்பனின் பழைய பிளாஸ்டிக் கிடங்குக்கு ஏதோ இரும்புத் துண்டு தேடிப் போனார். பெங்களூரில் மூடிய ஒரு பொம்மைக் கடையின் சரக்கு சாக்கு மூட்டைகளில் வந்து அரவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் காத்துக் கிடந்தது. ஒரு மூட்டையின் கிழிசலிலிருந்து ஒரு குதிரைத் தலை எட்டிப் பார்த்தது. அது தன்னைப் பார்த்துக் கண்ணடித்ததாக அற்புதராஜ் இன்றும் சொல்வார். அந்தக் குதிரைக்கு இமையே கிடையாது.

"என்னா சார், குதிர வேணுமா?" என்றார் கரியப்பன். "எடுத்துக்கினு போங்க. நாளைக்கி அரைச்சிட்டா பக்கெட்டு ஆயிடும்."

"யோவ், நான் செஞ்ச பக்கெட்டே ஊரெல்லாம் கெடக்குது. குதிரையாவே குடுய்யா."

அரவை இயந்திரத்தின் கத்திகளைத் தீட்டிக் கொடுத்துவிட்டு மூட்டையை டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிக்கொண்டு வந்தார். அந்த மூட்டையில் பதினேழு நல்ல குதிரைகள் தேறின. மற்றவை அடுத்த முப்பது வருடத்தில் வேப்பனப்பள்ளியில் மூடிய ஒரு ஃபேன்சி ஸ்டோரிலிருந்தும், நாகரசம்பட்டியில் ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டுப் பரணிலிருந்தும், இன்னும் எங்கெங்கிருந்தோ வந்தவை.

அவருக்குக் குதிரை மட்டும் போதாது. அதை விற்ற காகிதமும் வேண்டும். பெங்களூர் துங்கா டாய் ஒர்க்ஸ் எழுபதுகளில் கடைக்காரர்களுக்கு அனுப்பிய விலைப்பட்டியல், வீரர்களின் சட்டை நிறங்களைக் காட்டும் வண்ணத்தாள், ஆர்டர் கார்டு, குதிரைப் படம் போட்ட ஒரு கடைக் காலண்டர் என நாலும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன. விலைப்பட்டியலில் ஒவ்வொரு குதிரைக்கு முன்னாலும் ஆங்கிலத்தில் 'டபிள்யூ' என்ற எழுத்து நின்றது. கடைக்காரருக்கு மொத்த விலை சொல்லும் தாள் என்பதால் அது ஹோல்சேலைக் குறிக்கிறது என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். கிடைக்காதது ஒன்றே ஒன்று. குதிரையின் அட்டைப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருந்த சின்னத் தாள். அதை எந்தப் பிள்ளைதான் பத்திரப்படுத்தியது? பெட்டியைப் பிரித்த கையோடு கிழித்துப் போட்டிருக்கும்.

இப்போது அவருடைய கைப்பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைகிற வாசலுக்கு கேட் என்று பெயர். பொருள் வெளியே வரும்போது அந்த இடத்தில் குச்சி போல ஒரு மிச்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதை நறுக்கி அரத்தால் இழைத்துவிடுவதுதான் முறை. குதிரைகளைக் கழுவித் துடைத்த முதல் நாளே அற்புதராஜ் கவனித்தார். ஒவ்வொரு வீரனுக்கும் உட்காரும் இடத்தின் அடியில், நெல்மணி நீளத்துக்கு ஒரு முளை நீட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, பெங்களூர்க்காரன் அவசரத்துல வுட்டுட்டான்" என்றார். "ஆனா கேட்டை நல்ல எடத்துலதான் வெச்சிருக்கான். நானா இருந்தாலும் அங்கதான் வெச்சிருப்பேன். உக்காந்தா தெரியாது பாரு."

ஜெபசீலி பயறு பொறுக்கிக்கொண்டே ஒரு வீரனைத் தூக்கிப் பார்த்தார். "ஏங்க, அவசரத்துல வுட்டதுன்னா எல்லாத்துக்கும் ஒரே நீளமாவா வுடுவான்?"

"ஒனக்கு மோல்டப் பத்தி என்னா தெரியும்?"

ஜெபசீலி பயறுக்குத் திரும்பிவிட்டார்.

ஊசி அரத்தில் ஓர் ஆளுக்கு மூன்று இழுப்பு. முளை போய் அடிப்பக்கம் கண்ணாடி ஆனது. முளை போனதும் வீரன் சேணத்தில் நிற்காமல் வழுக்கினான். அதற்கு ஒரு சொட்டுப் பசை. குதிரையின் முதுகில் ஒரு பள்ளம் இருந்தது. பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்தப் போட்டது என்று சொல்லிப் பசையால் அதையும் அடைத்தார். பின்னங்கால்கள் லொடலொடவென்று ஆடின. ஆட்டம் என்பது டூல் ரூமில் கெட்ட வார்த்தை. அங்கேயும் ஒரு சொட்டு. வருடங்கள் போகப்போக எந்தக் குதிரை வந்தாலும் முதல் மரியாதை அரத்துக்கும் பசைக்கும்தான். பிறகு கண்ணாடி அலமாரி. பிள்ளைகள் எட்சனும் ரெனிட்டாவும் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்க்கலாம், தொடக் கூடாது.

அந்த ரெனிட்டாவுக்கு இப்போது புனேயில் வேலை. போன விடுமுறைக்கு வந்தபோது அலமாரியைப் படம் எடுத்து இணையத்தில் பழைய பொம்மை சேர்ப்பவர்கள் குழுவில் போட்டாள். இரண்டு வாரம் கழித்து பெங்களூரிலிருந்து அற்புதராஜுக்கு ஒரு போன் வந்தது.

"ஸார், நான் ஹரீஷ்குமார். துங்கா டாய் ஒர்க்ஸ் எங்கப்பாவுது ஸார்."

அற்புதராஜ் நின்றுகொண்டே பேசினார். உட்காரத் தோன்றவில்லை. ஹரீஷ்குமாருக்கு நாற்பது வயது இருக்கும். அவர் பிறப்பதற்கு முன்பே கம்பெனி மூடிவிட்டது. அப்பா இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில் காகிதங்கள் கிடைத்தனவாம், குதிரை ஒன்றுகூட இல்லையாம். பழைய வீட்டின் முன்னறையை அப்பாவின் பொம்மைகளுக்கென்று ஒதுக்கி, ஊர்ப் பிள்ளைகள் வந்து பார்க்கும்படி செய்யப் போகிறாராம்.

"உங்க கலெக்‌ஷன் அங்க இருந்தா உங்க பேரு போட்டே வெப்போம் ஸார். எல்லாம் ஒரிஜினல்தானே?"

"ஒரு பிசிறுகூட இருக்காது தம்பி" என்றார் அற்புதராஜ், நெஞ்சை நிமிர்த்தி.

போனை வைத்தவர் ஜெபசீலியிடம் வந்து நின்றார். "பேரு போடுவாங்களாம்" என்றார் கடைசியில். ஜெபசீலிக்கு அந்த மீன் குழம்பு நாள் நினைவுக்கு வந்தது.

ஹரீஷ்குமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பத்து மணிக்கு என்று சொன்னவர் பன்னிரண்டரைக்கு வந்தார்.

"டிராஃபிக் ஸார்! எலக்ட்ரானிக் சிட்டி தாண்டறதுக்குள்ள எனக்கு தாடி மொளச்சிடுச்சு."

"நாங்க பூசைக்குப் போயிட்டு வந்து, சமைச்சு, அதையும் ஒருவாட்டி சூடு பண்ணியாச்சு" என்றார் ஜெபசீலி. "உக்காருங்க தம்பி."

ஹரீஷ்குமார் முதலில் ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அழகாக அச்சடித்திருந்தது: 'இந்தக் குதிரைகளைச் சேர்த்துக் காத்தவர்: அ. அற்புதராஜ், டூல் ரூம், ஓசூர்.' அதற்குக் கீழே ஏதாவது எழுதிக்கொள்ள ஒரு விரல் அகலம் வெற்றிடம்.

அற்புதராஜ் அதைத் தொடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். 'டூல் ரூம்' என்ற சொல்லில் மூன்றாம் முறையும் கண் நின்றது.

"அப்புறம் ஸார், நீங்க போன்ல கேட்டீங்களே, பெட்டிக்குள்ள வர்ற தாளு. அப்பாவோட டிரங்க்ல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு." மஞ்சள் பூத்த ஒரு தாளை ஹரீஷ்குமார் மெதுவாக விரித்தார்.

முப்பது வருடம் தேடிய தாள். ஆங்கிலம், கன்னடம், தமிழ் மூன்றிலும் அச்சாகியிருந்தது. நடுவில் ஒரு கோட்டுப் படம். சாய்வாக வைத்த பலகை, அதன்மேல் குதிரை, அதன் பின்னங்கால்களுக்கு அருகே ஆட்டத்தைக் காட்டும் வளைகோடுகள். வீரனைத் தனியாக எடுத்து வரைந்து, அடியிலுள்ள முளைக்கு ஓர் அம்புக்குறி.

அற்புதராஜ் தமிழில் இருந்ததைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.

"துங்கா நடைக் குதிரை. சாவி வேண்டாம், பேட்டரி வேண்டாம். வீரனின் அடியிலுள்ள முளையைக் குதிரையின் முதுகுப் பள்ளத்தில் செருகவும். சாய்ந்த பலகையில் வைத்தால் வீரன் முன்னும் பின்னும் அசைய, குதிரை தானே நடக்கும். முளையை..."

நிறுத்திவிட்டார்.

"படிங்க ஸார்" என்றார் ஹரீஷ்குமார்.

"முளையை வெட்டினால் குதிரை நடக்காது."

அற்புதராஜின் கையில் ஒரு பிஸ்கட் இருந்தது. அது டீயில் நனைந்து, வளைந்து, பாதியாகி, டம்ளருக்குள் விழுந்தது. மீதிப் பாதியைப் பிடித்தபடி அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு குதிரைகளும் அவரைத் திரும்பிப் பார்த்தன. ஒன்றும் கண்ணடிக்கவில்லை.

டபிள்யூ. வாக்கிங். ஹோல்சேல் இல்லை.

ஹரீஷ்குமாருக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஆசையோடு அலமாரியைத் திறந்து சிவப்புச் சட்டை வீரனைக் குதிரையோடு எடுத்தார். வீரனை மெல்ல இழுத்தார். வரவில்லை. பின்னங்காலை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்ததும் பசை 'படக்' என்று விட்டது. வீரனைத் திருப்பி அடியைப் பார்த்தார். கண்ணாடி போல மழமழவென்று இருந்தது.

"ஏனு ஸார் இது? முளை எங்கே?"

அற்புதராஜ் மீதிப் பிஸ்கட்டை மேசைமேல் வைத்தார்.

ஹரீஷ்குமார் பச்சைச் சட்டையை எடுத்தார். நீலத்தை எடுத்தார். கறுப்புக் குதிரையை, வெள்ளைக் குதிரையை, பழுப்பை. ஒவ்வொன்றும் திரும்பும்போது அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. "அய்யோ தேவ்ரே" என்றார். "எல்லாத்துக்குமா? எல்லாத்துக்கும் யார் ஸார் இப்படி பண்ணுனது?"

"நான்தான்" என்றார் அற்புதராஜ். யாரோ பேசுவது போலிருந்தது அவருக்கே. "கேட் மிச்சம்னு நெனச்சேன். மூணு இழுப்பு. ஒவ்வொண்ணுக்கும் மூணு இழுப்பு." கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அரம் பிடிப்பது போல் தாமாகவே சேர்ந்து மூன்று தரம் அசைந்தன. அதைக் கண்டு அவரே பயந்துபோய் கையை மடியில் வைத்து மறு கையால் மூடிக்கொண்டார். வேலை தெரியாதவன் கையில் கிடைத்திருந்தால் இந்த வீரர்கள் முழுசாக இருந்திருப்பார்கள். முப்பத்தைந்து வருடம் வேலை தெரிந்த கை அல்லவா பிடித்தது!

"புதுசா முளை செஞ்சு வெச்சுடலாம்" என்றார் திடீரென்று. "ஒரு வாரம் குடுங்க தம்பி. அளவு தாள்ல இருக்குது. நாப்பத்திரெண்டுக்கும் செஞ்சிடறேன்."

ஹரீஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டார். "நடக்கும் ஸார், நீங்க செஞ்சா கண்டிப்பா நடக்கும். ஆனா அது உங்க முளை. எங்கப்பா முளை இல்லையே. அப்பா செஞ்ச குதிரை நடந்து நானே பாத்ததில்ல ஸார். ஒண்ணே ஒண்ணு கம்பெனிலேர்ந்து வந்த மாதிரியே இருந்தா போதும், மிச்சத்த அது பின்னாடி நிறுத்திடுவேன். ஒண்ணுகூட இல்லாம நடைக் குதிரைன்னு எப்படி ஸார் போர்டு போடறது?"

சொல்லிவிட்டு அவர் அந்த அட்டையை எடுக்கக் கை நீட்டினார். எடுக்க மனசில்லாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அட்டை மேசையிலேயே கிடந்தது. அற்புதராஜ் அதைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்.

இவ்வளவு நேரமும் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்த ஜெபசீலி, "தம்பி, அந்தத் தாளுல என்னா போட்டுருக்குதுன்னு இன்னொருவாட்டி படிங்க" என்றார். ஹரீஷ்குமார் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஜெபசீலி கேட்டுக்கொண்டே முந்தானையை இடுப்பில் செருகினார்.

"ஏங்க, அந்த ஸ்டூலப் புடிங்க."

"இப்ப என்னாத்துக்கு ஸ்டூலு?"

"புடிங்கன்னா புடிங்க."

பரணிலிருந்து இறங்கியது கிறிஸ்துமஸ் குடில் சாமான் பெட்டி. வைக்கோல், ஒளி போன நட்சத்திரம், காது உடைந்த கழுதை, பழுப்புக் காகிதம் ஒட்டிய நீளப் பலகை ஒன்று, அடியில் பஞ்சுக்குள் சுருட்டி வைத்திருந்த, குழந்தை ஏசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்கள். இரண்டு பேர் மண் பொம்மைகள். மூன்றாமவர் குதிரைமேல் இருந்தார். தலையில் தங்கத்தாள் கிரீடம், குதிரையின் வால் வரை மூடிய ஊதா வெல்வெட் அங்கி.

அற்புதராஜ் அந்த ராஜாவை முப்பது கிறிஸ்துமஸுக்கு மேல் பார்த்திருக்கிறார். ராஜாவாகத்தான் பார்த்திருக்கிறார்.

ஜெபசீலி வெல்வெட்டின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். மஞ்சள் சட்டை வீரன் வெளியே வந்தான். சுண்டு விரலால் மேலே தூக்கினார். பசை இல்லாததால் சுலபமாக வந்தான். திருப்பிக் காட்டினார். நெல்மணி நீளத்துக்கு ஒரு முளை.

"நீங்க மூட்டைய ஹால்ல போட்டுட்டு அரம் தேடப் போனீங்க பாருங்க, அப்பவே ஒண்ண எடுத்து வெச்சிட்டேன். அந்த வருஷம் கறுப்பு ராஜா ஒடஞ்சு போயிருந்தாரு. கேட்டுட்டு எடுத்தா ராஜாவையும் இழைச்சிருப்பீங்க."

அற்புதராஜ் மனைவியைப் பார்த்தார். எதிரே நிற்பது யார் என்று தெரியாதவர் போலப் பார்த்தார்.

ஹரீஷ்குமார் குடில் பலகையை எடுத்தார். பலகையின் ஒரு முனையை டீ டம்ளர்மேல் வைக்கப் போனார். "அவ்வளவு உசரம் வேணாம் தம்பி, ரெண்டு பைபிள் கனம் போதும்" என்று ஜெபசீலி பலகைக்கு அடியில் அலமாரியிலிருந்து ஒரு பழைய அகராதியைச் செருகினார். அற்புதராஜ் அதிர்ச்சியில் இருந்ததால், இவளுக்கு எப்படி இந்தச் சாய்வுக் கணக்குத் தெரியும் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஹரீஷ்குமார் குதிரையை மேட்டில் வைத்து விரலை எடுத்தார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வீரன் தலையை ஆட்டினான். டக். பின்னங்கால் முன்னால் வந்தது. டக். வீரன் பின்னால் சாய்ந்தான். டக், டக், டக் என்று, இடுப்பை அசைத்துக்கொண்டு, கிரீடம் ஒருபக்கம் சரிய, மஞ்சள் சட்டைக்காரன் பலகை முழுவதும் நடந்து வந்து, அற்புதராஜின் கைக்கு முன்னால் நின்றான்.

ஹரீஷ்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கர்சீப்பைத் தேடினார். "போதும் ஸார்" என்றார். "இது முன்னாடி. நாப்பத்திரெண்டும் பின்னாடி. அட்டை அப்படியே இருக்கட்டும்."

"அப்படியே இருக்கக் கூடாது" என்றார் அற்புதராஜ். பேனாவை எடுத்தார். 'சேர்த்துக் காத்தவர்' என்பதில் 'துக் காத்' என்ற எழுத்துகளை ஒரே கோடாக அடித்தார். அவர் சேர்த்தவர் மட்டும் ஆனார். கீழே இருந்த வெற்றிடத்தில், டூல் ரூம் வரைபடத்தில் எழுதுகிற அதே நேர் எழுத்தில், 'காத்தவர்: ஜெபசீலி' என்று எழுதினார். மையை ஊதி உலர்த்தினார். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அதில், 'குதிரை இந்த வீட்டில் முதன்முதலாக நடந்த நாள்' என்று எழுதி, அன்றைய தேதியையும் போட்டு, பேனாவை மூடி, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜெபசீலி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தார்.

"பேரெல்லாம் சரிதாங்க, தேதிதான் தப்பு. தொண்ணூத்தி மூணு டிசம்பர் இருவத்தஞ்சுன்னு போடுங்க. அன்னிலேர்ந்து ஜனவரி ஆறு மூணு ராஜா திருநாள் வரைக்கும் தெனம் சாயங்காலம் எட்சனும் ரெனிட்டாவும் இதே பலகைல நடக்க வுட்டாங்க. இப்படியே வருஷா வருஷம், பத்துப் பன்னெண்டு வருஷம் நடந்துச்சு. நீங்க செகண்ட் ஷிஃப்டுல இருந்தீங்க."